சங்கு ஊதினால் வந்து நிற்பவன்

ஞாயிறு, மார்கழிப் பனி

செல்போனில் புனைபெயரில் நான் எழுதும் சிரிப்புத் தொடர்கதைக்கு இன்று வந்த கருத்துகள் எல்லாம் ஒரே ரகம். "சிரிப்பே வரலை." "மூணு தலை எதுக்கு? ஒண்ணுகூட ஒழுங்கா வேலை செய்யலை."

கதையில் மூன்று தலை வேற்றுக்கிரகத்தான் ஒருவன் ஆவடியில் வந்து விழுகிறான். காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும், தன் கிரகம்தான் கூப்பிடுகிறது என்று டிபன் பாக்ஸோடு கேட்டில் போய் நிற்கிறான். வாட்ச்மேன் தினமும் விரட்டிவிடுகிறான். நாளைய அத்தியாயத்தில் அவனைக் கொன்று கதையை முடித்துவிடத் தீர்மானித்திருந்தேன்.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது கீழ்வீட்டு செல்விக்கா போனை நீட்டினார். எழுதுவது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

"இத்தப் பட்ச்சியா? காமெடியாம். எனுக்கு அழுகதான் வந்துச்சு."

"ஏங்க்கா?"

"எங்க ஊட்டுக்காரரு ரிட்டேர் ஆயி எவ்ளோ நாளாவுது. இன்னும் சங்கு ஊதுனா சட்டய மாட்டிகினு வாசல்ல வந்து நிக்கிறாரு." கொடியிலிருந்த புடவையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டார்: "அவன உள்ள உட்ருவாங்களா?"

"தெரியலக்கா" என்றேன். அதுவரை தெரிந்துதான் இருந்தது.

இப்போது கண் சொருகுகிறது. பனிக்குள் கேட் மெல்லத் திறக்கிறது. வாட்ச்மேன் மூன்று தலைக்கும் தனித்தனியாக வணக்கம் வைக்கிறான். மூன்று தலைக்காரனுக்குப் பின்னால் செல்விக்கா வீட்டு மாமா, இஸ்திரி போட்ட சட்டையில். கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்து வருகிறார். அவர் வரும்வரை கேட்டைச் சாத்தாதே என்று வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும்