தோட்டத்தில் தலைகீழாக நிற்கும் சூசையப்பர்

இயேசு மரி சூசை

நம் வீடு,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ரோமனுக்கு,

உன் சித்தி எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் சித்தப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் முழங்கால் மட்டும் ஏரிக்காற்று திரும்பியதும் முறுக்கிக்கொண்டது, பூசையில் முட்டி போட முடியவில்லை, உட்கார்ந்தே ஜெபிக்கிறேன், ஆண்டவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். நீயும் டோரிஸும் குட்டி லூசியும் அந்த டெக்ஸாஸ் வெயிலில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க தினமும் ஒரு ஜெபமாலை உங்களுக்கென்றே தனியாகச் சொல்கிறேன். நீ அனுப்பிய போட்டோ வந்தது. பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறாள், கன்னம் அப்படியே உன் அம்மா கன்னம். ஆனால் அவள் தலையில் இருப்பது என்ன தொப்பி? கண்ணாடி போட்டும் பார்த்தேன், கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன், அது உங்கள் ஊர் ஃபுட்பால் டீமின் தொப்பிதான். பிள்ளைக்கு வெயில் படாமல் இருக்கக் கையில் கிடைத்ததைப் போட்டோம் என்று நீ எழுதுவாய், எனக்குத் தெரியும். உன் அம்மா, என் அக்கா, கண்ணை மூடும்போது உன்னை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வளர்த்தவளுக்குப் பிள்ளையின் பொய் எழுதும் முன்பே கேட்டுவிடும். அந்தப் போட்டோவில் இன்னொன்றும் பார்த்தேன். லூசிக்குப் பின்னால் வேலியோரம் நீளமாக மண்ணைக் கொத்திப் போட்டிருக்கிறாய், அதில் ஒரு செடிகூட இல்லை. ஒரு தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட பிள்ளை நீ. உனக்கு எதற்கு மண்? அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உன் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாக அவர் சரியில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து நம் ஃபுட்பால்காரர்கள் பந்தைக் கீழே போடுவதைப் பார்க்கிறார், ஒரு வார்த்தை திட்டவில்லை. நம் உதைகாரன் சிலுவை போட்டுக்கொண்டு ஓடி வந்து, கம்பத்துக்கு அந்தப் பக்கமாக உதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறான், அதற்கும் திட்டவில்லை. நான்தான் திட்டினேன். சிலுவை போட்டுவிட்டு இப்படி உதைத்தால் அந்தக் கெட்ட பெயர் யாருக்கு என்று கேட்டேன். இவர் "சரி விடு, ரெஜினா" என்றார். இத்தனை வருஷக் கல்யாணத்தில் ஒரு ஆட்டத்தின் நடுவில் அவர் விடு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. பிறகு பார்த்தால், நீ இங்கே இருந்த காலத்திலிருந்து துருப்பிடித்துக் கிடந்த வாசல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கிறார். கூரைத் தகரக் கால்வாயில் இலை அள்ளுகிறார். ஃபுட்பால் சீசன் டிக்கெட்டுக்கு வந்த கவர் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு நிற்க வேண்டியது, அதைக் காணோம். வண்டிக் கொட்டகையில் நின்று போனில் பேசுகிறார், நான் துணி எடுத்துக்கொண்டு போனால் "சரி, சரி, அப்புறம்" என்று வைத்துவிடுகிறார். யார் என்று கேட்டால் ஆணிக் கடைக்காரனாம். ஆணிக் கடைக்காரனிடம் யாராவது "சாப்பிட்டியாப்பா" என்று கேட்பார்களா?

நம் பேஸ்பால்காரர்கள் சீசனை முடித்துவிட்டார்கள், கடைசிக்கு ஒரு இடம் மேலே. எனக்கு அவர்கள் மேல் வருத்தம் இல்லை ராசா. அவர்கள் நேர்மையாகத் தோற்கிறார்கள். ஏப்ரலிலேயே தோற்க ஆரம்பித்து, நமக்கு ஆசை காட்டாமல், அவரவர் வேலையைப் பார்க்க விடுகிறார்கள். ரேடியோவைப் போட்டுவிட்டு மாவு பிசைந்தால் ஜெபமாலை மணி மாதிரி ஒவ்வொரு பந்தாக நகரும், மனசுக்கு இதமாக இருக்கும். பந்து வீசுகிற அந்தப் புது பிட்சரை மட்டும் நான் நம்பவில்லை. அடி வாங்கிவிட்டுப் புன்னகைக்கிறான். தோற்றுவிட்டுச் சிரிக்கிறவனுக்கு வேறு எங்கோ வேலை தயாராக இருக்கிறது என்று அர்த்தம், இதை நீயும் உன் ஆபீஸில் ஞாபகம் வைத்துக்கொள். ஃபுட்பால்காரர்கள் கதை வேறு. முக்கால் ஆட்டம் ஜெயிப்பார்கள், பக்கத்து வீட்டு வாண்டா ஜன்னலைத் திறந்து கத்துவாள், தெருவே மிதக்கும், கடைசி ஐந்து நிமிஷத்தில் அந்த முட்டைப் பந்தை எதிராளி கையில் கொடுத்துவிட்டு வருவார்கள். இதுகூடப் பழகிவிட்டது. பழகாதது அந்த ஓனர். பேஸ்பால்காரர்களுக்குப் புது மைதானம் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து, எனக்கு மட்டும் பழைய கொட்டகையா என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு, டீமையே மூட்டை கட்டி வேறு ஊருக்குக் கொண்டுபோவேன் என்கிறார். பிறந்த ஊரும் இது இல்லை, கோயிலும் இங்கே இல்லை, அவருக்கு என்ன. நம் ஊர்ப் பால் கம்பெனிக்காரர் ஒருவர், டீமை நானே வாங்கி இங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்று பேச்சு நடத்துவதாக ரேடியோவில் தினமும் சொன்னார்கள். நான் இரண்டு பேரையும் நம்பவில்லை, ஆனால் பால்காரருக்காக நவநாள் ஜெபம் ஆரம்பித்தேன்.

போன புதன்கிழமை கோயிலுக்குக் கீழே வெள்ளிக்கிழமை விற்பனைக்குப் பியரோகி செய்ய உட்கார்ந்தோம். மாவுக்குள் உருளைக்கிழங்கை வைத்து ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே வாண்டா எல்லோர் காதிலும் விழும்படி, "ஏன்டி ரெஜினா, வீட்டை விக்கிறீங்களாமே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றாள். எந்த வீட்டை என்றேன். "உன் வீட்டுக்காரர் கோயில் கடையில சூசையப்பர் வாங்கினாரே, நான்தானே பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். சின்னதாப் போதும், மண்ணு தாங்குறதா இருக்கணும்னு கேட்டார். அது அலமாரியில வைக்கவா?" என்றாள். கையிலிருந்த பியரோகி பிளந்துபோய் உருளைக்கிழங்கு என் மடியில் விழுந்தது. நம் பங்கில் வீடு விற்க நினைப்பவர்கள் சூசையப்பர் சுரூபத்தைத் தோட்டத்தில் தலைகீழாகப் புதைப்பதும், நல்ல விலைக்குப் போனதும் தோண்டி எடுத்துப் புது வீட்டில் மரியாதையாக வைப்பதும் உனக்குத் தெரியாததா. நம் தெருவில் பாதி வீடு அப்படித்தான் கைமாறியது. நான் முகத்தைக் காட்டிக்கொள்ளாமல், "அது என் அண்ணன் மகளுக்கு" என்று ஒரு பொய் சொன்னேன், கோயிலுக்குக் கீழேயே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெயின்டும் தகரமும் போனும் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டன. என் வீட்டை, என் அப்பா உருக்காலையில் வெந்து வாங்கிய வீட்டை, என்னைக் கேட்காமல் விற்கிறார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் கரண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ரோஜா அடியில் இல்லை, தக்காளிப் பாத்தியில் இல்லை. பிறகுதான் அந்தப் புல் கண்ணில் பட்டது. ஃபுட்பால்காரர்கள் இன்னும் ஆடுகிற அந்தப் பழைய மைதானத்தில் பேஸ்பால்காரர்கள் கடைசி ஆட்டம் ஆடிய அன்று, ஆளாளுக்கு ஞாபகத்துக்கென்று நாற்காலிப் பலகையைப் பிடுங்கியபோது, உன் சித்தப்பா காலுறைக்குள் ஒளித்துக்கொண்டு போன பெயின்ட் சுரண்டும் கத்தியால் மூன்றாம் பேஸ் மூலைக்குப் பின்னாலிருந்து ஒரு சதுரம் புல்லை மண்ணோடு அறுத்து, பாப்கார்ன் வாளியில் வைத்துக்கொண்டு வந்தாரே, அதுதான். கத்தரிக்கோலால் வெட்டிப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார். அதன் ஒரு ஓரம் தூக்கியிருந்தது. விரலை விட்டேன். சூசையப்பர் தலைகீழாக, பாதத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார், நம் ஃபுட்பால் டீம் கைக்குட்டையில் சுற்றி. நான் அழவில்லை. அவரை எடுத்து முகத்தைத் துடைத்து, நேராக நிறுத்தி, மறுபடி மண்ணை மூடி, "சாமி, என் புருஷன் என்ன கேட்டாரோ அதைச் செய்யாதீங்க" என்று ஜெபித்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் செய்தி. ஓனர் பேச்சை முறித்துவிட்டார். டீமை விற்கப் போவதில்லை, பால் கம்பெனிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சித்தப்பா மீன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பாதியில் எழுந்து பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் சூசையப்பர், முகத்தில் ரத்தமே இல்லை. "இவரை யார் திருப்பினது?" என்றார். நான் டிவியை அணைத்தேன். அணைத்தேன் என்பதிலிருந்தே என் கோபம் உனக்குப் புரியும். "நான்தான். என் வீட்டை எனக்குத் தெரியாம வித்துடலாம்னு பார்த்தீங்களா?" என்றேன். அவர், "வீட்டையா? நான் எங்கடி வீட்டைக் கேட்டேன்? அந்த ஆளு டீமை விக்கணும்னுல்ல புதைச்சேன்" என்றார். மைதானத்தைச் சுற்றி எங்கும் தார் போட்டிருக்கிறதாம். பயிற்சி நடக்கும் இடத்துக் கேட்டுக்குப் பக்கத்தில் தோண்டப் போனபோது காவல்காரன், "பெரியவரே, பொட்டலத்தைக் கீழே வைங்க, கையைத் தூக்குங்க" என்றானாம். மைதானத்து மண் என்று நம்மிடம் இருப்பது அந்த ஒரு சதுரம்தானே, அதனால் அங்கே வைத்தாராம். "சூசையப்பர் மண்ணைப் பார்த்து வேலை செய்வார், பத்திரத்தையா கேட்பார்? பேச்சு முடியற நேரம் பார்த்து நீ எழுப்பி விட்டுட்டியே, ரெஜினா" என்றார்.  ஆனாலும் நான் விடவில்லை. பெயின்ட் எதற்கு, போன் எதற்கு என்று கேட்டேன். கைக்குட்டையை நான்காக மடித்தார். பிறகு, "டீம் போயிடுச்சுன்னா ஞாயித்துக்கிழமை நான் இந்த ஊர்ல என்ன பண்ணுவேன்? அதான் அங்க வந்துடலாமான்னு ரோமன்கிட்ட பேசினேன், வீட்டையும் சரி பண்ணி வச்சேன்" என்றார். நான் இருக்கிறேனே, நான் கணக்கில் இல்லையா என்றேன். "நீ கூட வருவேன்னு நெனச்சேன்" என்றார். கேட்டீர்களா என்றேன். "கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவியே" என்றார்.

ஆக ஆணிக் கடைக்காரன் நீதான். இது உனக்கு நன்றாக இருக்கிறதா? எனக்கு ஒரு வரி எழுத முடியாதா? திங்கட்கிழமை நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வாண்டாவிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன், கணவரைச் சந்தேகப்பட்டதைச் சொன்னேன், சூசையப்பரைத் திருப்பியதைச் சொன்னேன். பாதர் அந்தப் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "எந்தக் கிழமை திருப்புனீங்கம்மா?" என்றார். வியாழன் என்றேன். "வியாழன்" என்று அவரும் சொன்னார். ஒரு பெருமூச்சு. "பாவம்னு சொல்ல முடியாது. ஆனா இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மறுபடி தலைகீழா வச்சிடுங்க. தெருவுல யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, நீங்க இங்க குடியிருக்கணும்" என்றார். அவரும் சீசன் டிக்கெட்காரர்தான். பிரசங்கத்தை ஆட்ட நேரத்துக்குள் முடிக்கிறவர்.

சாயங்காலம் நாங்கள் இருவரும் அந்தப் புல்லுக்குப் பக்கத்தில் முட்டி போட்டோம். என் முழங்கால் என்ன பாடு பட்டது என்பதை நான் ஒப்புக்கொடுத்துவிட்டேன். சூசையப்பரைக் கைக்குட்டையில் சுற்றித் தலைகீழாக நானே இறக்கினேன். குழப்பம் வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன், "சாமி, டீமை மட்டும். பால்காரருக்கு. வீடு இல்லை." சித்தப்பா ஆமென் சொன்னார், ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சொன்னார். அதையும் கவனித்தேன்.

லூசிக்கு ஒரு பார்சல் அனுப்புகிறேன், உள்ளே நம் ஊர்த் தொப்பி இரண்டு இருக்கும், ஒன்று பேஸ்பால், ஒன்று ஃபுட்பால். போட்டு, முகம் தெரிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. டோரிஸிடம் சொல், பிள்ளைக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டாம். ஞாயிறு பூசையை விடாதே, ஆட்டம் இருந்தாலும் விடாதே. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும். வண்டிக் கொட்டகைக்கு நீ போன் செய்தால், இனி என்னையும் கூப்பிடச் சொல்லிச் சித்தப்பாவிடம் சொல். அந்த வேலியோரம் கொத்திப் போட்ட மண்ணில் வெயில் எவ்வளவு நேரம் படுகிறது என்பதையும் மறக்காமல் எழுது. சித்தப்பாவின் மைதானப் புல்லுக்கு மத்தியானம் வரைக்கும் வெயில் வேண்டும், அதற்கு மேல் ஆகாது. நாங்கள் வருகிறோம் என்று நான் சொல்லவில்லை.

உன்னை வளர்த்த,
ரெஜினா சித்தி