மஞ்சள் நூல் கட்டிய பை

கௌத்தோகைனோ,
செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி.

அன்புள்ள அஸ்லாக்குக்கு,

நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் நூல் கட்டிய பையில் இருக்கும் கியோசாக் கொழுக்கட்டையை வாயில் வைக்காதே. நாய்க்கும் போடாதே. நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று நினைக்காதே, போகாது. சிவப்பு நூல் பையில் இருக்கும் கியோசாவுக்குள் புகை போட்ட இறைச்சிதான். அதே மாவில் செய்ததை நானும் தின்றேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இரண்டையும் ஒரே கட்டாகத்தான் அனுப்பினேன், அதையும் தொடாதே.

இப்படி நாலு வரி எழுதிக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக் கிர்ஸ்தியை முதலிலேயே அனுப்பிவிட்டேன். அவள் காட்டு வழியாக, சுற்றிக்கொண்டு வருகிறாள். இது அவள் அண்ணன் ஈசாத் கையில் வரும் கடிதம். அவன் ஏரியைக் கடந்து நேராக வர வேண்டும். காற்று கொஞ்சம் தணியாமல் பனி ஸ்கூட்டரை உறைந்த ஏரியில் இறக்க முடியாது என்று வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஹெலிகாப்டருக்கும் சொல்லியாயிற்று. அவர்களும் காற்றைத்தான் சொல்கிறார்கள். மந்தைக் குடிசையில் நீ இல்லையென்றால் இதைக் கதவில் ஆணியடித்துவிட்டு உன்னைத் தேடிப் போகச் சொல்லியிருக்கிறேன். நீ கோபத்தில் விட்டுப்போன சேட்டிலைட் போன் என் எதிரே மேஜையில் கிடக்கிறது.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை கியோசா மடிக்கும்போது கிழிந்துபோன நாலைந்தை எடுத்து வைத்திருந்தேன். இன்று காலை வேகவைத்து நம் கிழட்டு நாய் முஸ்திக்குப் போட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதன் கால்கள் வெட்டி இழுக்க ஆரம்பித்தன. தாடை பூட்டிக்கொண்டது. கால்நடை மருத்துவர் போனில், என்ன தின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காட்டில் பறித்த ஃபாத்னுக் கீரையின் தண்டும் என்றேன். உடனே, மிச்சம் இருந்தால் அடித்துண்டை நெடுக்காக வெட்டிப் பாருங்கள் என்றார். வெட்டினேன். உள்ளே ஏணிப்படி மாதிரி அறை அறையாக இருந்தது, மஞ்சளாகப் பால் கசிந்தது. நம் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும், அது ஃபாத்னு இல்லை, அதே மாதிரி சேற்றில் முளைக்கும் விஷச்செடி என்று.

எனக்குத் தெரியாதா? தெரியும். நாற்பது வருடமாக ஃபாத்னு பறிக்கிறேன். ஆனால் இந்த ஜூலையில், மான் கன்றுகளுக்குக் காதில் குறி வெட்டிய வாரத்தில், மூன்று நாளாக நீயும் நானும் கண்ணை மூடவில்லை. நினைவிருக்கிறதா? ஃபாத்னு முளைக்கும் மேட்டுக்கு ஏறச் சோம்பல்பட்டு ஏரிக்கரைச் சேற்றிலேயே அறுத்தேன். இலையை அங்கேயே கிள்ளி எறிந்தேன், தோலையும் அங்கேயே உரித்தேன். முகர்ந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. ஃப்ரீசரில் போட்டபோது அது வெறும் பச்சைத் தண்டு. தப்பு என்னுடையது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

சனிக்கிழமை உன் அக்கா வீட்டில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஆல்தா நகர ஓட்டலில் மூன்று குளிர்காலம் ஜப்பான் சமையல்காரி ஹட்சுவேயிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட கைவேலை அந்தக் கியோசா. தட்டை வைத்ததும் நீ ஊரே கேட்கிற மாதிரி, “நம்ம மானுக்கு ஜப்பான் சட்டை தச்சுப் போட்டுட்டியா? எலும்ப எங்கடி ஒளிச்ச?” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். “பல்லு ஆடுறவனுக்கு எலும்பு எதுக்கு?” என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். உன் காது சிவந்துவிட்டது. “நீ மடிச்ச எதையும் இனி என் வாயில வைக்க மாட்டேன். வச்சா ஏன்னு கேளு” என்றாய். மறுநாள் காபிகூடக் குடிக்காமல் மந்தைக்குப் போய்விட்டாய்.

நீ போனதும் மனசு கேட்கவில்லை. எலும்பை எங்கே ஒளித்தேன் என்று கேட்டாயே, அந்த எலும்பை உடைத்து மஜ்ஜையை எடுத்து, உனக்குப் பிடிக்கும் என்று ஃபாத்னுவையும் நறுக்கிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏழு மடிப்பு வைத்தேன். எனக்கு அந்தக் கசப்பு ஆகாது, அதனால் ருசிகூடப் பார்க்கவில்லை. மத்தியானம் மந்தைக்கு டீசல் கொண்டுபோன ஈசாத்திடம் கொடுத்தனுப்பினேன். மன்னித்துக்கொள் என்று எழுத மனம் வரவில்லை. “நாக்கு இருந்தால் தின்று பார்” என்று எழுதிப் பைக்குள் வைத்தேன். அந்தச் சீட்டைப் பார்த்திருப்பாய்.

இருபத்திரண்டு வருடமாக உன்னைத் தெரியும். உன் கோபத்துக்கு ஆயுசு மூன்று நாள். மூன்றாம் நாள் காபியைப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி என் சமையலை எடுத்து உட்கார்ந்துவிடுவாய். இன்று மூன்றாம் நாள்.

பயமாக இருக்கிறது, அஸ்லாக். முஸ்திக்கு மூச்சு மட்டும் இருக்கிறது. கம்பளியில் சுற்றிக் காலடியில் போட்டிருக்கிறேன்.

ஈசாத் உள்ளே வந்து, “காத்து தணியுது அக்கா, குடுங்க” என்கிறான். அவனிடம் ஒரு வரி எழுதிக் கொடு. அதில் என்னைத் திட்டு. என் சமையலைத் திட்டு, என் குடும்பத்தையே திட்டு. உன் கையெழுத்தாக இருந்தால் போதும்.

உன் பிடிவாதத்தை நான் சபிக்காத நாள் இல்லை. இன்று அதைத்தான் கும்பிடுகிறேன். சொன்ன சொல்லை இந்த ஒரு தடவை காப்பாற்று. நூறு வயது வரை இருந்து, என்மேல் கோபமாகவே இரு.

உன்,
சுன்னா.