பீட்ரூட் தின்ற காட்டேரி

இருங்காட்டுக்கோட்டை
12.8.2011

அன்புள்ள அம்மாவுக்கு, செல்வி வணக்கத்துடன் எழுதுவது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் என் குரலை வைத்தே பயந்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உடம்பில் ரத்தம் குறைவு, பீட்ரூட் சாப்பிடு என்று கம்பெனி டாக்டர் சொன்னார். நேற்றுக் காலை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், சமைக்கப் பொறுமையில்லாமல் வாசலில் நின்று பச்சையாகவே கடித்தேன். வீட்டுக்காரக் கனகம் அக்கா அலறிவிட்டாள்.

"இன்னாடி இது, வாயெல்லாம் ரத்தமா கீது! பகல்ல தூங்குற, ராவுல கெளம்பிப் போற, மூஞ்சி வேற வெளுத்துப் போச்சு. ரத்தக் காட்டேரியாடி நீ?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தக் காலத்திலும் என்னைப் போல ரத்தமில்லாத ஒருத்தியைப் பார்த்துத்தான் இந்தக் கதையைக் கட்டியிருப்பார்கள். ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுந்து பார்த்தால் என் கதவில் வேப்பிலை செருகியிருக்கிறது.

பேய்க்குக் கால் தரையில் படாதாமே? அக்காவைக் கூப்பிட்டு, எட்டு மணி நேரம் கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்த என் காலைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவளே வேப்பிலையை எடுத்துவிட்டாள்.

முருங்கைக்கீரைப் பொடி கொடுத்துவிடு. கம்பெனி பஸ் வந்துவிட்டது. செருப்பும் வேண்டும் அம்மா, போன தடவை வாங்கியதைவிட இரண்டு சைஸ் பெரிதாக.

இசக்கிசெல்வி