வாசலில் கிடந்த செருப்புகள்

மே சோட், தாய்லாந்து
ஜூலை 2006

அன்புள்ள உம்மாவுக்கு ஹுமைராவின் ஸலாம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பழவேற்காட்டில் மழை வந்துவிட்டதா? கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அண்ணனுக்கு இன்னும் நைட் ஷிஃப்ட்தானா? நாங்கள் நலம். வாப்பா தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

பர்மாவிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் எங்கள் துணிக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. "நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? அங்கே போவாதே" என்று வாப்பா சொல்லியிருந்தார். ஆனாலும் லீவு நாட்களில் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன்.

இன்று அங்கே போலீஸ் வந்தது. பிள்ளைகளிடம் இங்கே தங்குவதற்கான பேப்பர் கிடையாது. பிடித்தால் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், பர்மாவுக்கே அனுப்பிவிடுவார்கள். டீச்சர் எல்லாரையும் பின்வாசல் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குள் கூட்டிப் போய்விட்டார். பாஸ்போர்ட் இருப்பவள் நான் மட்டும்தான் என்பதால் வாசலில் நின்றேன். அங்கே அத்தனை செருப்பும் அப்படியே கிடந்தது.

"இதெல்லாம் யாருது?" என்றார் போலீஸ்காரர்.

"என்னுதுதான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "உனக்கு இத்தனை காலா? நாளைக்குக் கடைக்கு வந்து உங்க அப்பாகிட்ட கேட்கிறேன்" என்று போய்விட்டார். பிள்ளைகள் திரும்பி வந்து அவரவர் செருப்பைப் போட்டுக்கொண்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா உம்மா!

தம்பிக்குச் சின்னதாகிப்போன செருப்பு இருந்தால் அனுப்புங்கள். இரண்டு பேர் வெறுங்காலோடு வருகிறார்கள். கூடவே உங்கள் பழைய புடவை ஒன்றும் வேண்டும், தலைமாட்டில் வைத்துக்கொள்ள.

விடிந்ததும் நானே வாப்பாவிடம் சொல்லப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் வந்த பிறகு அவர் போனில் உங்களிடம் கத்தினால், அந்தச் செருப்பெல்லாம் என் மகளுடையதுதான் என்று நீங்களும் சொல்லிவிடுங்கள்.

வாப்பா புரண்டு படுக்கிறார். விளக்கை அணைக்கிறேன்.

உங்கள் ஹுமைரா