இறுகின தோளும் நீளக் குழாயும்

பிப்ரவரி 3
இடது கை தோளுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. பஸ்ஸுக்கு அடியில் பள்ளத்தில் நின்று, தலைக்கு மேல் கை தூக்கி நட்டு கழற்றுவதுதான் பதினெட்டு வருடமாக என் பிழைப்பு. இன்று சட்டையை மாட்டிவிட்டதே என் வீட்டுக்காரர்தான். "பொம்மைக்குச் சொக்கா போடற மாதிரி இருக்கு" என்றார். முறைத்தேன்.

பிப்ரவரி 11
பணிமனை மேலாளர் கூப்பிட்டார். "அக்டோபர்ல உடற்தகுதிச் சோதனைம்மா. ரெண்டு கையையும் மேல தூக்கி ஒரு நிமிஷம் நிக்கணும். முடியலன்னா சாமான் அறைதான்."
நானா? உட்கார்ந்து சீட்டு எழுதவா? ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

பிப்ரவரி 12
நட்டு இறுகினால் ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகி, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்குவோம். அதே வைத்தியம்தான் தோளுக்கும். தோள் உயரத்தில் இருந்த கம்பியைப் பிடித்து, முழங்காலை மடக்கித் தொங்கினேன்.

பிப்ரவரி 20
உயிர் போகுது. எட்டு நாளும் தொங்கினியே, உனக்கு அறிவிருக்கா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 24
டாக்டரம்மா திட்டினார். "உங்க தோள் நட்டு இல்லம்மா. மூட்டைச் சுத்தியிருக்கற உறை வீங்கித் தடிச்சிருக்கு. உடம்பைக் காக்கற நோய் எதிர்ப்பு அணுக்களே அந்த வீக்கத்தை அணைய விடாம வச்சிருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சந்தேகப்படறாங்க. இன்னும் உறுதியாகல. உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு, சர்க்கரை உள்ளவங்களுக்கு இது அதிகம் வரும். நீங்க தொங்கத் தொங்க அது கோவப்படும்."
என் காவல்காரனே என்னைப் பூட்டி வைத்திருக்கிறானா? கோபத்துக்குப் பதில் சிரிப்புதான் வந்தது. அவனை அடித்துப் பயனில்லை, சமாதானம்தான் பேச வேண்டும்.

மார்ச் 2
தோளில் ஊசி. சர்க்கரை நாலு நாள் எகிறும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார்.

மார்ச் 19
இரவெல்லாம் தூங்கினேன்!

மே 30
டாக்டரம்மா சொன்ன பயிற்சிப்படி, சுவரில் விரல்களால் மேலே மேலே நடக்கிறேன். வலி தொடங்குமுன் நிறுத்த வேண்டும். என் சுபாவத்துக்கு இதுதான் பெரிய தண்டனை. விரல் எட்டும் இடத்தில் நான் போடும் பென்சில் கோடு மோவாய்க்கு வந்துவிட்டது.

ஜூலை 8
மூன்று வாரமாகக் கோடு நகரவில்லை. அழுதேன். சாமான் அறைச் சாவி கனவில் வந்தது.

ஆகஸ்ட் 21
கோடு என் உச்சந்தலையைத் தாண்டிவிட்டது. யாரடா அங்கே, வந்து பாருங்கள்.

அக்டோபர் 14
சோதனை. இரண்டு கையும் மேலே. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போதும்மா, ஒரு நிமிஷம் எப்பவோ ஆச்சு. இறக்குங்க."
இறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.