இடது மேல் கடைவாய்

மார்ச் 3

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

சுகமா? நடுவயது டாக்டரம்மாவைக் கல்லூரிப் பட்டப்பெயரால் கூப்பிடுவது தப்புதான். ஆனால் மனைவியே என்று ஆரம்பித்தால் நீ உறையை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாய். போனில் பேசினாலோ மூன்றாவது வாக்கியத்தில் சண்டை. அதனால் கடிதம்.

ஒரு வேலை. கூட இருக்கும் சிடியில் ஒரு ஸ்கேன். ஐம்பதைத் தாண்டிய ஆண். இடது மேல் கடைவாய்ப் பல் ஆடுகிறது. பல்லை எடுத்த கையோடு அந்தக் குழியிலேயே செயற்கைப் பல்லுக்கான இம்ப்ளாண்ட் திருகை இறக்கிவிடலாம் என்றிருக்கிறேன். மூன்று வேர்களுக்கும் நடுவே எலும்பு நல்ல அகலம். மேலே மூக்கை ஒட்டிய சைனஸ் அறை வரைக்கும் திருகு பிடிக்க உயரமும் போதும். நீ ஒரு பார்வை பார்த்துச் சரி என்று எழுது.

வாசல் பல்பு எரியவில்லை. நீ போனதிலிருந்து எல்லாமே ஸ்டிரைக்.

இன்னும் பல் பிடுங்கிக்கொண்டிருக்கும்
குறடு


மார்ச் 8

குறடு,

பல்புக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

ஸ்கேனைப் பார்த்தேன். நடு எலும்பு அகலம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதை அளந்ததும் உன் வேலை முடிந்துவிட்டதா? மேலே பார்த்தாயா? சைனஸின் தரை ஒரே வெள்ளைக் கோடாக ஓட வேண்டும். இங்கே பாதியில் காணோம். சீழ் என்றால் வேர் நுனியைச் சுற்றி வட்டமாகக் கரைந்திருக்கும். இது கரையான் அரித்த கதவு மாதிரி கண்டபடி போயிருக்கிறது. ஈறு நோய்க்கு அடையாளமே இல்லை. பிறகு பல் ஏன் ஆடுகிறது?

அவரிடம் கேள். கன்னம் மரத்துப்போகிறதா? மூக்கில் ரத்தம் வருகிறதா? முகம் முழுக்கத் தெரிகிற ஸ்கேன் எடுத்து அனுப்பு. இதை ஏன் இவ்வளவு சின்னதாக வெட்டியிருக்கிறாய்? அதுவரை பல்லில் கை வைக்காதே.

முடிவெடுத்துவிட்டு அபிப்பிராயம் கேட்பது உன் பழக்கம். கிளினிக்கை வீட்டு மாடிக்கு மாற்றினபோதும் அப்படித்தான். நான் வேறு ஊருக்கு வந்ததே அதனால்தான்.

பூதக்கண்ணாடி


மார்ச் 13

கோபக்கார பூதக்கண்ணாடிக்கு,

கேட்டேன். கன்னம் லேசாக மரத்திருக்கிறதாம். ஷேவ் செய்யும்போது வேறு யாரோ தடவுகிற மாதிரி இருக்கிறதாம். மூக்கில் ஒரே பக்கம் ரத்தம். ஜலதோஷம் என்கிறார். "பல்லை எடுங்க, திருகை வைங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பெரிய ஸ்கேனுக்கு வர மாட்டாராம். பல்லை எடுக்கப் பதினெட்டாம் தேதி வரச் சொல்லிவிட்டேன். நல்லதாக எதுவுமே உன் கண்ணில் படாதா?

பல்பை நானே மாட்டிவிட்டேன்.

குறடு


மார்ச் 16

அடப்பாவி,

வேறு யாரோ தடவுகிற மாதிரி என்று எந்தப் பேஷண்ட் சொல்வான்?

ஸ்கேனை மறுபடி போட்டேன். படத்திலிருந்து பக்கத்துப் பல்லை வெட்டி எடுத்திருக்கிறாய். ஆனால் ஓரத்தில் ஒரு துளி வெள்ளை மிச்சம், வளைந்த கொக்கி. அது எனக்குத் தெரியாதா? கடைசி வருடத் தேர்வில் என் பேஷண்ட் வராமல் போக, நீ வாயைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தாய். நான் அடைத்த சிமெண்ட் வழிந்து நின்றது. "என்னம்மா இது, தூண்டிலா?" என்று எக்ஸாமினர் கேட்டார். அதைச் சரிசெய்ய இத்தனை வருஷமாக நீ யாரையும் விடவில்லை.

அது உன் வாய். பல்லைத் தொடாதே. முதலில் மேலே எலும்பை அரித்திருக்கும் கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அது என்னவாக இருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கே தெரியும்.

போனை அணைத்து வைத்திருக்கிறாய். கிளினிக்குக்கு அடித்தால் ஜூனியர் பெண், "சார் யாரோடயும் பேச மாட்டேன்னுட்டார் மேடம்" என்கிறாள். பயமாக இருக்கிறதடா.

பூதக்கண்ணாடி


மார்ச் 19

பூதக்கண்ணாடி,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. நேற்றே எல்லாம் முடிந்துவிட்டது.

ஜூனியரிடம் வாயைக் காட்டினேன். மரப்பு ஊசி போட்டாள். பல்லில் குறடு வைத்தவள் உடனே கையைப் பார்த்தாள். "சார், நான் இழுக்கவே இல்ல. அதுவா வந்துடுச்சு." திருகை இறக்கினாள். எங்கேயும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. "எலும்பே இல்ல சார்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். வெளியே எடுக்கச் சொன்னேன். எழுந்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

பல்லோடு கொஞ்சம் சதையும் வந்திருந்தது. அவளாகவே மருந்துப் புட்டியில் போட்டு மூடினாள். "லேபுக்கு அனுப்பவா சார்?" என்று கேட்டாள். புட்டியை வாங்கிக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பினேன்.

பேசினால் காற்று மூக்கில் போகிறது. அந்தச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

ஸ்கேனில் அந்த வெள்ளைக் கோடு பாதியில் நிற்பதை முதல் நாளே பார்த்தேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி.

புட்டி மேஜைமேல் இருக்கிறது. அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். எந்த முடிவும் எடுக்கவில்லை, சத்தியமாக. முடிவெடுக்காமல் உன்னைக் கேட்பது இதுதான் முதல் தடவை. என்ன செய்யட்டும்? வந்து சொல்.

உன் பேஷண்ட்