படையலில் வைத்த விளையாட்டு

என் சண்டைக்கார அக்காவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் அமாவாசைக்கு உனக்குப் படையல் போட்டோம். அன்றைக்கு நடந்த ஒன்றை அம்மாவிடம் சொல்ல முடியாது, மாமாவிடமும் முடியாது. மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. ஜவ்வாது மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. நம் கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. உன் வண்டியை இப்போது நான்தான் கலசப்பாக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். செங்கத்தில் நீ வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாளாம். கேட்டதும் வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

எனக்கு எதுவுமே வருவதில்லை அக்கா. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறேன். தொட்டால் தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான். வெறும் காய்ச்சல் என்றுதானே வேலூருக்குக் கூட்டிப் போனோம்? உன்னை ஆம்புலன்ஸில் படுக்கவைத்துத் திரும்பி வந்த அன்றிலிருந்து இப்படித்தான். "அழுதுடு பாப்பா, மனசுல வெச்சிக்காத" என்று ஊரே சொல்லிப் பார்த்துவிட்டது. வந்தால் அழமாட்டேனா?

அம்மா எனக்கு நேர்மாறு. அழுது அழுது சாப்பாட்டையே விட்டுவிட்டாள். காலையில் ஒரு டீ, பொழுது சாய ஒரு டீ. தட்டில் போட்டு வைத்தால் அப்படியே காய்ந்து கிடக்கும். நர்ஸம்மா வீட்டுக்கு வந்து குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போனார். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்டியே போச்சுன்னா உங்கம்மாவையும் பாக்க முடியாது" என்றார். எனக்கு அப்போதும் பயம் வரவில்லை. பயப்பட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

படையலுக்கு என்ன வைப்பது என்று பேச்சு வந்தது. பாயசம், வடை, பேக்கரியில் நீ வாங்கித் தின்னும் தேங்காய் பன். அம்மாதான் திடீரென்று, "எப்பப் பாத்தாலும் அந்தப் பொட்டி முன்னாடியே குந்திக்கினு இருப்பாளே" என்றாள். மாமா யோசிக்கவே இல்லை. "அப்போ அதையும் வை. செத்தவங்களுக்கு இன்னா புடிக்குமோ அத்த வெக்கணும், அதான் முறை. எங்கப்பனுக்கு பீடியும் தீப்பொட்டியும் வெக்கல?"

அவர்கள் சொன்னது எதை என்று உனக்குத் தெரியும். என் லேப்டாப்பில் இருக்கும் அந்தப் பொருள் தேடுகிற விளையாட்டு. ஏதோ பழைய வெள்ளைக்கார நாவலை வைத்துச் செய்தது. நாவலை நீயும் படித்ததில்லை, நானும் படித்ததில்லை. ஒரு மாளிகை, அறைக்கு அறை சாமான் குவியல், அதற்குள் ஒரு சாவியோ மூக்குக்கண்ணாடியோ ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கண்டுபிடித்தால் கதை ஒரு துண்டு நகரும். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் சோறு வடிப்பதற்குள் முழுக் கதையும் முடிந்துவிடும். அந்த நாயகி கடைசியில் யாரைக் கட்டிக்கொண்டாள் என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விளங்காவிட்டால் என்ன, நீ மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாய். ஒவ்வொரு முறையும் பொருளை இடம் மாற்றி வைக்கிறதே. "இது வூடா, காயலாங்கடையா? எடுத்த சாமானை எடுத்த எடத்துல வெக்கத் தெரியாத ஜனம். இதுங்களுக்குக் காதல் ஒரு கேடு" என்று திட்டிக்கொண்டே தேடுவாய்.

உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, புத்தக அறை வரும் இடத்தில் விளையாட்டைத் திறந்துவிட்டேன். மெழுகுவர்த்தி ஒன்றைத் தேடச் சொல்லி நின்றது. கற்பூரம் காட்டிவிட்டு, நீ வந்து சாப்பிட வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மாமா தொண்டையைச் செருமிவிட்டுக் கதவைத் தட்டித் திறந்தார்.

திரையில், அலமாரிக்கு மேலே, மெழுகுவர்த்தி மினுக்மினுக்கென்று மின்னிக்கொண்டிருந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வந்துகிறா பாரு. எம்பொண்ணு வந்து தேடி வெச்சிட்டுப் போய்கிறா" என்றாள். பிறகு உன் இலையை இழுத்து வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

மாமாவுக்கு வாய் சும்மா இருக்காதே. "பாப்பா, அது தானாவே மின்னுமா இன்னா?"

அம்மாவின் கை பாதி வழியில் நின்றது. என்னையே பார்த்தாள்.

மின்னும் அக்கா. உனக்குத் தெரியாதா? யாரும் மவுஸைத் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டால், அதுவே இரக்கப்பட்டுக் காட்டிக்கொடுக்கும். உனக்கு அது அடியோடு பிடிக்காது. "இவன் யாருடி எனக்கு சொல்லிக் குடுக்க?" என்று, யோசிக்கிற நேரத்தில்கூட மவுஸைச் சும்மா ஆட்டிக்கொண்டே இருப்பாய். நீ உட்கார்ந்த எந்த நாளிலும் அந்தத் திரை மின்னியதே இல்லை. அம்மா நீ வந்ததற்கு அடையாளம் என்று எதைப் பார்த்தாளோ, அதுதான் நீ வரவில்லை என்பதற்கு அத்தாட்சி. அந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இல்ல மாமா. இப்டி மின்னி நான் பாத்ததே இல்ல" என்றேன்.

அம்மாவின் கை வாய்க்குப் போனது. வடை தின்றாள், பாயசம் குடித்தாள், உன் தேங்காய் பன்னில் பாதி எனக்குத் தந்தாள். அன்றிலிருந்து இரண்டு வேளையாவது சாப்பிடுகிறாள். கண்ணமங்கலத்துச் சித்தி போன் செய்தால் இந்தக் கதையைத்தான் சொல்கிறாள். அடுத்த அமாவாசைக்கு மறக்காமல் சார்ஜ் போட்டு வை என்று இப்போதே என்னை நச்சரிக்கிறாள். எல்லோருக்கும் நீ வந்துவிட்டாய். எனக்குத்தான் வரவில்லை.

விளையாட்டின் செட்டிங்ஸில் அந்த மினுமினுப்பை நிறுத்திவைக்க வழியிருக்கிறது. நிறுத்திவிட்டு, வீட்டில் யாரும் இல்லாதபோது கதவைச் சாத்தி, நீ வருகிறாயா என்று பார்க்கலாம் என ஒரு நாள் உட்கார்ந்தேன். பார்த்துவிட்டால் தெரிந்துபோகுமே? மூடி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அம்மா இருக்கிற வரைக்கும் அமாவாசைக்கு அமாவாசை அதைத் திறந்து வைப்பேன், யார் கேட்டாலும் அதே பொய்யைச் சொல்வேன். நீ அம்மாவின் கனவில் அடிக்கடி வருகிறாயாமே. உன் ரோஷம் எனக்குத் தெரியும். "மெழுகுவர்த்திய நான் கண்டுபுடிக்கல, அதுவாத்தான் மின்னிச்சு" என்று அந்தக் கனவில் போய்ச் சொல்லிவிடாதே அக்கா. அம்மா சாப்பிடட்டும்.

உன் கூடப் பிறந்தவள்,
பாப்பா